கூடைப்பந்து ஆடிய மகளை நெட்பால் அணிக்கு மாற்றியிருக்கிறார்கள்: விளக்கம் தேவை

அல்சூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற ஆண்டு வரை பள்ளியில் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தவளை, இவ்வாண்டு புதிதாகப் பொறுப்பேற்ற உடற்கல்வி ஆசிரியை நெட்பால் அணியில் சேர்த்துவிட்டார். பெங்களூரில் அடுக்குமாடிக் குடியிருப்பு தோறும் பெண்கள் நடுவில் வலை கட்டி த்ரோபால் ஆடுகிறார்கள் அல்லவா, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது மட்டும் பயிற்சியைப் போய்ப் பார்த்தபோது விளங்கியது. மற்றபடி ஒன்றும் பிடிபடவில்லை. பந்து கைக்கு வந்ததும் பிள்ளைகள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஒருவரும் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு ஓடுவதில்லை. மைதானத்தில் போட்டிருக்கும் கோடுகளைச் சிலர் தாண்டுகிறார்கள், சிலர் தாண்டினால் நடுவர் விசில் ஊதுகிறார். என் மகளுக்கு 'டபிள்யூ.டி.' என்று எழுதிய மேலங்கியைக் கொடுத்திருக்கிறார்கள். அவள் ஒரு முறைகூட வளையத்தை நோக்கிப் பந்தை எறியவில்லை. கேட்டால், எறிவதற்குத் தனக்கு அனுமதியே இல்லை என்கிறாள்.

கூடைப்பந்தில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் ஆட்டம் இது என்று உறவினர் ஒருவர் சொன்னது வீட்டில் சற்று மனக்குறையை உண்டாக்கிவிட்டது. மகள் உயரம் குறைவு என்பதால் ஒதுக்கிவிட்டார்களோ என்று என் மனைவி கேட்கிறார். இந்த ஆட்டத்தின் அடிப்படை என்ன, இந்த விதிகளுக்கெல்லாம் பொருள் என்ன, இதில் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மைதானத்து டீச்சர் எழுதியது:

ஐயா, வணக்கம். இந்த ஊர்ப் பள்ளிகளில் இரண்டு ஆட்டங்களையும் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் உறவினர் சொன்னதைத் தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம்.

பந்து கைக்கு வந்ததும் பிள்ளைகள் நின்றுவிடுவது விதிப்படிதான். நெட்பாலில் பந்தைப் பிடித்தவர் மூன்று வினாடிக்குள் அதை வேறொருவருக்கு அனுப்பிவிட வேண்டும், அல்லது உரிமை உள்ளவராயின் வளையத்தை நோக்கி எறிய வேண்டும். பிடிக்கும்போது எந்தக் கால் முதலில் தரையில் ஊன்றியதோ அந்தக் காலைத் தூக்கலாம். ஆனால் அது மறுபடியும் தரையைத் தொடுவதற்குள் பந்து கையை விட்டுப் போயிருக்க வேண்டும். கூடைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டே எதிரணியைக் கடந்து ஓடிப் பழகிய பிள்ளைக்கு முதல் சில வாரங்கள் கைகளைக் கட்டிப்போட்டது போலத்தான் இருக்கும். அந்த வாரங்களைப் பொறுத்துக்கொண்டால் வேறொன்று விளங்கத் தொடங்கும். பந்து வைத்திருப்பவரால் நகர முடியாது என்பதால், பந்து இல்லாத மற்ற ஆறு பேரின் ஓட்டம்தான் ஆட்டமே. எங்கே ஓடி, எந்த நொடியில் திரும்பி, எந்தப் பக்கம் கையை நீட்டி, தனக்குப் பந்து வேண்டும் என்று காட்டுவது என்பதைக் கற்றுக்கொண்ட பிள்ளை, பிறகு எந்தப் பந்தாட்டத்துக்குப் போனாலும் சிறப்பாக ஆடுவாள்.

மைதானம் 30.5 மீட்டர் நீளமும் 15.25 மீட்டர் அகலமும் கொண்டது. கூடைப்பந்து மைதானத்தைவிடச் சற்றே பெரியது. அதை நீளவாக்கில் மூன்று சம பகுதிகளாகக் கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள். இரு முனைகளிலும் 4.9 மீட்டர் ஆரமுள்ள ஓர் அரைவட்டம் இருக்கும். அந்த அரைவட்டத்துக்குள்ளிருந்து எறிந்தால் மட்டுமே கோல் செல்லும். கம்பத்தின் உயரம் 3.05 மீட்டர், அதாவது கூடைப்பந்து வளையத்தின் அதே பத்தடி உயரம். ஆனால் பின்னால் பலகை கிடையாது. வளையமும் சிறியது: கூடைப்பந்தில் 45 சென்டிமீட்டர், இதில் 38. பலகையில் மோதி உள்ளே விழட்டும் என்று வேகமாக வீசிப் பழகியவர்கள் இங்கே தடுமாறிப் போவார்கள். தலைக்கு மேலே பந்தை உயர்த்தி, மணிக்கட்டின் அசைவால் மெதுவாக வளைத்து விடுவதுதான் இங்கே வேலை செய்யும். ஒரு கோலுக்கு ஒரே புள்ளி. பெரியவர்களின் ஆட்டம் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். பள்ளி அளவில் நேரத்தைக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

இனி, நீங்கள் கேட்ட கோடுகளுக்கு வருகிறேன். ஏழு பேருக்கும் ஏழு இடங்கள். ஒவ்வொருவரும் எந்தெந்தப் பகுதிக்குள் காலடி வைக்கலாம் என்பது மேலங்கியின் எழுத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. கோல் ஷூட்டர், கோல் அட்டாக் ஆகிய இருவருக்கு மட்டுமே எதிரணி அரைவட்டத்துக்குள் நுழையவும் எறியவும் உரிமை உண்டு. அவர்களுக்கு எதிராக நிற்பவர்கள் கோல் கீப்பரும் கோல் டிஃபென்ஸும். விங் அட்டாக் அரைவட்டத்தின் விளிம்பு வரை வந்து உள்ளே பந்து கொடுப்பவர். அவரை எதிர்த்து நிற்கும் விங் டிஃபென்ஸ்தான் உங்கள் மகள். நடுப்பகுதியிலும் தன் அணி காக்கும் முனைப்பகுதியிலும் அவள் ஓடலாம், அரைவட்டத்துக்குள் மட்டும் போகக்கூடாது. சென்டர் என்பவர் இரு அரைவட்டங்களைத் தவிர எங்கும் போகலாம். ஓர் ஆட்டத்தில் மிக அதிகமாக ஓடுபவர் பெரும்பாலும் அவரே. தனக்கு உரிமையில்லாத பகுதியில் கால் பட்டால், பந்து கையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது குற்றம். ஆனால் கோட்டின் இந்தப் பக்கம் நின்றபடி, அந்தப் பக்கத்துத் தரையைத் தொடாமல் காற்றில் எட்டிப் பந்தைப் பறிக்கலாம். பயிற்சியில் பிள்ளைகள் கோட்டின் மேல் சாய்ந்து ஒற்றைக்காலில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் இதுதான்.

ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே வீச்சில் பந்தை அனுப்பவும் முடியாது. ஒரு பகுதி முழுவதையும் ஒருவரும் தொடாமல் பந்து கடந்தால் விசில் ஊதப்படும். ஆகவே ஒரு நட்சத்திர ஆட்டக்காரி தனியாக ஆட்டத்தை வென்றுவிடும் வழிகள் எல்லாம் அடைபட்டிருக்கின்றன. பள்ளி அணியில் ஒரு பிள்ளை பந்தைப் பிடித்துக்கொண்டு மற்ற ஆறு பேரும் வேடிக்கை பார்க்கும் அவலத்தைப் பலமுறை கண்ட எனக்கு இந்த விதிகள் மீது தனிப் பிரியம் உண்டு என்பதை மறைக்கவில்லை.

உயரத்தைப் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: உயரம் மிகவும் உதவுவது அரைவட்டத்துக்குள்தான், அதாவது ஷூட்டருக்கும் கீப்பருக்கும். நடுவில் ஆடும் மூவருக்கும் வேண்டியது விரைவாகத் திசை மாற்றும் கால்களும், இரண்டு பாஸ் கழித்து என்ன நடக்கும் என்று கணிக்கும் கண்ணும். விங் டிஃபென்ஸின் பெயர் ஸ்கோர் ஏட்டில் வராது. ஆனால் எதிரணியின் விங் அட்டாக்கை அரைவட்ட விளிம்பிலிருந்து இரண்டடி வெளியே தள்ளி வைத்துவிட்டால், உள்ளே வரும் பந்து நீண்ட, தடுக்கக்கூடிய பந்தாகிவிடும். நல்ல பயிற்சியாளர்கள் அதைக் கவனிப்பார்கள்.

வடமராட்சி மகள் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து திருமணமாகி பெங்களூர் வந்து கோரமங்களாவில் இருக்கிறேன். எங்களூரில் இதை வலைப்பந்தாட்டம் என்போம். இந்த ஆட்டம் என்னவென்று இங்கே விளக்க வேண்டியிருப்பதே எனக்குப் புதுமையாக இருக்கிறது. இலங்கையில் பெண்கள் பாடசாலை என்றால் அங்கே ஒரு வலைப்பந்தாட்ட அணி இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள்; பாடசாலை அணியில் ஆடிய அக்காக்களைச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். கூடைப்பந்தில் இடம் கிடைக்காதவர்கள் ஆடுவது என்று அங்கே யாரும் கதைக்க மாட்டார்கள்.

மூலம் இரண்டுக்கும் ஒன்றுதான். 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கிய சில ஆண்டுகளில், அது இங்கிலாந்தில் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் அம்மையார் நடத்திய பெண்களுக்கான உடற்பயிற்சிக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காலத்துப் பெண்கள் கணுக்கால் வரை நீண்ட உடையோடு ஆடியதால், ஓடிக்கொண்டே பந்தைத் தட்டுவதும் முட்டி மோதிப் பறிப்பதும் குறைந்து, எறிந்து பிடிக்கும் ஆட்டமாக அது மெல்ல மாறியது. கூடைக்குப் பதில் வளையம் வந்தது. 1901இல் இங்கிலாந்தில் விதிகள் அச்சாயின. பிறகு பிரித்தானிய ஆட்சி இருந்த நாடுகளெங்கும் பாடசாலை ஆசிரியைகள் வழியாகப் பரவியது. ஆயினும் நாட்டுக்கு நாடு விதிகள் வேறுபட்டன. சில இடங்களில் ஓர் அணிக்கு ஒன்பது பேர்கூட ஆடினார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்கான சர்வதேசக் கூட்டம் எங்கே நடந்தது தெரியுமா? 1960இல் கொழும்பில். ஏழு பேர் ஆடும் பொது விதிகளுக்கும் சர்வதேசக் கூட்டமைப்புக்கும் அடித்தளம் அங்கேதான் இடப்பட்டது. அதன் பின் 1963இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் முதலாவது உலகப் போட்டி நடந்தது, அவுஸ்திரேலியா வென்றது. இன்றுவரை அதிக முறை உலகக் கிண்ணத்தை வென்ற நாடும் அதுவே.

அடுத்து, தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், 208 சென்டிமீட்டர் உயரம். இந்த ஆட்டத்தைத் தொடங்குவதற்கு முன் அந்த உயரத்துக்காகவே எவ்வளவு கேலி கேட்டிருப்பார் என்பதை எங்கள் சமூகத்தை அறிந்தவர்கள் ஊகிக்கலாம். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் மிகச் சிறந்த ஷூட்டராகத் தெரிவானார். பிற்பாடு அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கும் ஆடினார். 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர் அவர். உயரம் குறைந்த பிள்ளைக்கும் உயரம் கூடிய பிள்ளைக்கும் ஒரே அணியில் இடம் கொடுக்கிற ஆட்டம் இது என்று டீச்சர் சொன்னதற்கு நான் சேர்க்க விரும்பும் சாட்சி இவர்.

இன்னொன்று. அந்த ஆசியக் கிண்ணப் போட்டி 2024 அக்டோபரில் எங்கே நடந்தது என்று உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். இதே பெங்களூரில், கோரமங்களா உள்ளரங்கில்தான் நடந்தது. இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் 67க்கு 64 என்ற கணக்கில் இலங்கையை வென்று கிண்ணத்தை எடுத்துப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கவயல் கணக்கர் எழுதியது:

சகோதரியின் ஆர்வத்தைக் குறைக்க எண்ணவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் எதிர்காலத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதற்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்ல வேண்டும்.

ஒலிம்பிக்கில் நெட்பால் இல்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளிலும் இல்லை. உலக அளவில் பெரிய மேடைகள் என்றால் உலகக் கோப்பையும் 1998 கோலாலம்பூரிலிருந்து காமன்வெல்த் போட்டிகளும்தான். இந்தியா காமன்வெல்த் நெட்பாலில் ஆடியது 2010இல், போட்டி டெல்லியில் நடந்தபோது. அணித் தலைவி டெல்லியைச் சேர்ந்த பிராச்சி தெஹ்லான். தியாகராஜ் விளையாட்டரங்கில் நடந்த அந்தப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து கூடுதல் நேரத்தில் 66க்கு 64 என்று ஆஸ்திரேலியாவை வென்றது. மேல்தட்டு ஆட்டத்தில் எவ்வளவு நெருக்கம் இருக்கும் என்பதற்கு அது ஒன்றே போதும். நம் அணிக்கும் அவர்களுக்கும் இடையே இருந்த தூரம் மிக அதிகம். அது இன்னும் குறைந்துவிடவில்லை.

மறுபுறம், இந்தியாவில் இது பெண்களுக்கு மட்டுமான ஆட்டம் இல்லை. ஆண்கள் அணிகளும் உண்டு, தேசிய அளவில் இருபாலருக்கும் போட்டிகள் நடக்கின்றன. ஹரியானா போன்ற மாநிலங்கள் இதில் பலமானவை. 2020இல் மத்திய அரசுப் பணிகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை 43 ஆட்டங்களிலிருந்து 63ஆக விரித்தபோது நெட்பாலும் சேர்க்கப்பட்டது. மல்லகம்பமும் கயிறு இழுத்தலும் அப்போதுதான் வந்தன. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக வேலை காத்திருக்கிறது என்று பொருளில்லை. கூடைப்பந்தைவிடப் போட்டியிடுபவர்கள் குறைவு என்பதால் மாநில அணியின் கதவு சற்று எளிதாகத் திறக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். சான்றிதழுக்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். அவளுக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும், பிடிக்கவில்லை என்றால் கூடைப்பந்துக்குத் திரும்பட்டும்.

அல்சூர்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டீச்சர் அம்மாவின் விளக்கத்தை மகளிடம் வாசித்துக் காட்டினேன். அரைவட்ட விளிம்பைப் பற்றிய பகுதியை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். அவளுக்கும் எனக்கும் இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பந்து வைத்திருப்பவரிடமிருந்து மூன்றடி தள்ளி நிற்க வேண்டும் என்று ஆசிரியை சொல்கிறாராம். தள்ளி நின்றுகொண்டு, உடம்பில் படாமல், பந்தை எப்படித்தான் பறிப்பது? மற்றொன்று, ஓடி வந்து சட்டென்று நிற்பதால் முழங்காலுக்குக் கேடு வரும் என்று படித்தேன். அது உண்மையா?

மைதானத்து டீச்சர் எழுதியது:

முதல் ஐயம் நல்ல ஐயம். விதி சொல்லும் தூரம் 0.9 மீட்டர், அது தரையில், பந்து பிடித்தவர் முதலில் ஊன்றிய காலிலிருந்து, காப்பவரின் அருகிலுள்ள கால் வரை அளக்கப்படுகிறது. பந்து வைத்திருப்பவர் தானே மறுகாலை முன்வைத்து நெருங்கி வந்தால் அது காப்பவரின் குற்றம் ஆகாது. அந்தத் தூரத்தில் நின்று இரு கைகளையும் உயர்த்தலாம், முன்னால் சாயலாம். ஆனால் எறியும் கையிலிருந்தே பந்தைப் பறித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். கைகளை உயர்த்துவதன் பயன், எறிபவருக்கு நேர்வழியை மறைத்து, மூன்று வினாடியில் இரண்டைக் கரைத்து, அவரை அவசரப்பட வைப்பதுதான். பந்து உண்மையில் பறிபோவது அடுத்த முனையில், அதை வாங்கப் போகிறவரிடம். பந்து இல்லாதவரை ஒட்டி நின்று காவல் காக்கலாம். தள்ளுவதோ இடிப்பதோ கைகளை விரித்து வழியை மறிப்பதோ கூடாது. ஆகவே உங்கள் மகள் தன் எதிராளியின் தோளுக்குச் சற்று முன்னால், ஒரு கண் பந்திலும் மறுகண் எதிராளியிலும் இருக்கும்படி நின்று பழக வேண்டும். குற்றம் இழைத்தால், பந்து எறியப்படும் வரை அவள் எறிபவரின் பக்கத்தில் ஆட்டத்தில் சேராமல் நிற்க வேண்டும்; அந்த நொடிகளில் அவளுடைய அணி ஆறு பேரோடு ஆடுகிறது. பத்து முறை விசில் வாங்கும் காவல்காரி எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அணிக்குச் சுமைதான்.

ஆட்டத்தைப் பார்க்கும்போது கவனிக்க இன்னொன்றும் சொல்கிறேன். ஒவ்வொரு கோலுக்குப் பின்னும் நடுவட்டத்திலிருந்து பந்து மறுபடி தொடங்கும். யார் கோல் போட்டார்கள் என்பதைப் பாராமல், இரு அணியின் சென்டர்களும் மாறி மாறித் தொடங்குவார்கள். ஆகவே இரு அணிகளும் தத்தம் வாய்ப்பில் கோல் போட்டுக்கொண்டே போனால் கணக்கு சமமாகவே நகரும். எதிரணி தொடங்கிய பந்தைப் பறித்து அதைக் கோலாக்கும்போதுதான் இடைவெளி விழும். ஸ்கோரை மட்டும் பார்க்காமல், இந்தப் பந்தை யார் தொடங்கினார்கள் என்பதையும் நினைவில் வைத்துப் பார்த்தால் ஆட்டத்தின் போக்கு உங்களுக்கு விளங்கிவிடும்.

முழங்காலைப் பற்றி நீங்கள் படித்தது உண்மை. ஓட்டத்திலிருந்து சட்டென்று நிற்பதும், ஒற்றைக்காலில் இறங்கித் திரும்புவதும் முழங்கால் தசைநாரைச் சோதிப்பவை. வளரும் பருவத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலிய நெட்பால் அமைப்பு இதற்காகவே ஒரு தயார்ப்பயிற்சித் திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. அதைப் பள்ளி ஆசிரியையிடம் குறிப்பிடலாம். அதன் சாரம் எளிது. குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்காமல் பாதவிரல்களுக்கு நேராக வளைய வேண்டும். இயன்றவரை இரு கால்களிலும் இறங்க வேண்டும். ஆட்டத்துக்கு முன் ஒற்றைக்காலில் சமநிலையும் தொடைத்தசைப் பயிற்சிகளும் செய்ய வேண்டும். இந்த ஊர்ப் பள்ளிகளில் பல மைதானங்கள் சிமெண்ட் தளம் என்பதால், நீண்ட தூரம் ஓடுவதற்கான காலணியைத் தவிர்த்து, பக்கவாட்டு அசைவுக்குத் தாங்கும் உள்ளரங்கக் காலணியை வாங்கிக் கொடுங்கள். அடிப்பகுதி தேய்ந்ததை அவள் மூத்த சகோதரியிடமிருந்து வாங்கிப் போட வேண்டாம்.

நகங்களை ஒட்ட வெட்ட வேண்டும். நடுவர் ஆட்டத்துக்கு முன் விரல்களைச் சோதிப்பார். தோடு, வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். காது குத்திய துளை மூடிவிடும் என்று பாட்டி கவலைப்பட்டால், ஆட்டம் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

வீட்டில் பயிற்சி செய்ய இடம் அதிகம் வேண்டாம். ஐந்தாம் எண் அளவுள்ள நெட்பால் ஒன்றும் ஒரு சுவரும் போதும்: மார்பு உயரத்திலிருந்து இரு கைகளால் எறிந்து பிடிப்பது, பிறகு தோளுக்கு மேலிருந்து ஒற்றைக் கையால், பிறகு ஓடிவந்து பிடித்து நின்று எறிவது. நீங்கள் பக்கத்தில் நின்று மூன்று வரை எண்ணுங்கள். அடுத்த பயிற்சியின்போது ஆசிரியையிடம், அவளைச் சென்டராகவும் ஒரு கால் பகுதி ஆடவைத்துப் பார்க்கும்படி கேளுங்கள். இந்த வயதில் ஒரே மேலங்கியோடு பிள்ளையைக் கட்டிவைக்கத் தேவையில்லை.